குப்பையைக் கொளுத்த அனுமதி கிடைக்குமா?



சுற்றுச்சூழல் பாடம் என்றால் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி புரட்டிவிட்டு மறந்துவிடுகிற பாடம் என்றுதான் நம்மில் பல பேருடைய நினைப்பு. தெர்மல், ஹைட்ராலிக்ஸ் மாதிரி அதில் கணக்கு இல்லை, கருவி இல்லை, வெறும் வாசகம்தானே என்கிறோம். அது தப்பு என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை. ஒரே ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அதற்குச் சரியான பதில் எழுதப் பார்ப்போம். சட்டம், நெருப்பு, கணக்கு மூணுமே அதில் வந்துவிடும்.

விண்ணப்பம் கற்பனைதான். சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். அதன் தலைமையாசிரியர் இப்படி எழுதுகிறார்: "எங்கள் பள்ளி வளாகத்தில் நாள்தோறும் சேரும் குப்பைகளை, மாலை பள்ளி விட்ட பிறகு, சுற்றுச்சுவருக்கு உள்ளேயே குழி எடுத்து எரித்துக்கொள்ள அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

சிரிக்காதீங்க. யாரையும் கேட்காமல் வேலியோரம் பத்தவைக்கிற இடங்கள் எத்தனையோ இருக்கும்போது, கேட்டுச் செய்யணும் என்று நினைத்த மனுஷர் அவர். அவருக்கு 'முடியாது' என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பினால் குப்பை அங்கேயேதான் கிடக்கும். ஏன் முடியாது, வேறென்ன முடியும் என்று சொல்வதுதான் டெக்னிக்கல் படித்தவர்களுக்கு அழகு.

1. யாரிடம் கேட்பது?

சிங்காரப்பேட்டை ஊத்தங்கரை வட்டத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது. 2004-ல் மாவட்டம் பிரியும்வரை தர்மபுரியோடு இருந்த பகுதி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகமோ மாவட்டத்தின் மறுகோடியில், ஓசூரில் இருக்கிறது. போக வேண்டுமானால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் பிடிக்க வேண்டும்.

தலைமையாசிரியர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. "சிப்காட் கம்பெனிகளுக்கெல்லாம் புகைவிட கன்சென்ட் தர்றாங்களே, ஒரு பள்ளிக்கூடத்துக் குழிக்குத் தரக்கூடாதா?" என்று அவர் கேட்கலாம்.

இன்-பிளான்ட் டிரெயினிங் போய்வந்த சீனியர்களுக்குப் பதில் தெரியும். 1981-ஆம் வருடத்துக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு பேசுவது தொழிற்கூடத்தைப் பற்றி. கொதிகலன் எது, எரிபொருள் எது, புகைபோக்கி எவ்வளவு உயரம் என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். புகைபோக்கியில் மாதிரி எடுக்க ஓட்டை வைத்து, ஆள் ஏறி நிற்க மேடையும் கட்டியிருப்பார்கள். எந்த நாளும் ஏறி அளந்து பார்க்கலாம். ஆகவே கன்சென்ட் என்பது புகைவிட லைசென்ஸ் இல்லை, இந்த அளவைத் தாண்டாதே என்று போடுகிற மூக்கணாங்கயிறு.

குழியில் புகைபோக்கி எங்கே இருக்கிறது? ஓட்டை எங்கே போடுவது? அளக்கவே முடியாத ஒன்றுக்கு அளவு வைத்து அனுமதி கொடுக்க எந்தப் பொறியாளராலும் முடியாது. விண்ணப்பம் விழுகிற முதல் இடம் இதுதான்.

2. சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே நம் எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்த கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். அங்கே வசித்த அல்மித்ரா படேல் என்ற அம்மையார் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்தவர். ஊருக்கு வெளியே குப்பையைக் கொட்டிக் கொளுத்துகிற வழக்கத்தை எதிர்த்து 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கின் பின்னணியில்தான் 2000-ல் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் வந்தன. குப்பையை மட்டுமல்ல, காய்ந்த இலையையும் எரிக்கக்கூடாது என்று பெயர் சொல்லியே அதில் எழுதியிருந்தார்கள். 'சருகுதானே' என்கிற சமாதானம் கால் நூற்றாண்டுக்கு முன்பே அடிபட்டுப் போய்விட்டது.

2016-ல் புது விதிகள் வந்தன. குப்பை போடுகிறவர்களுக்கும் அவை பொறுப்பு வைத்தன. தெருவிலோ, தன் வளாகத்துக்கு வெளியே உள்ள பொது இடத்திலோ குப்பையை வீசவோ, எரிக்கவோ, புதைக்கவோ கூடாது என்றன. கூர்ந்து படிப்பவர் கேட்பார்: "வெளியே கூடாதுன்னா, உள்ளே கூடுமா?" நம்ம தலைமையாசிரியரும் 'சுற்றுச்சுவருக்கு உள்ளேயே' என்றுதானே எழுதியிருக்கிறார்!

அந்தச் சந்தும் அதே வருடம் அடைபட்டது. அல்மித்ரா படேல் வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாறி, 2016 டிசம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது. திறந்த நிலத்தில், குப்பைக் கிடங்கிலேகூட, குப்பை எரிப்பது முழுத்தடை. மீறினால் சாதாரண எரிப்புக்கு ஒவ்வொரு முறையும் 5,000 ரூபாய். மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதை அதே 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் தனியாகவே தடுக்கின்றன.

ஆக, இந்த அனுமதி கொடுக்காமல் வைத்திருக்கிற அனுமதி அல்ல. கொடுக்கும் அதிகாரமே யாரிடமும் இல்லாத அனுமதி.

இது நம் நாட்டுக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் குப்பை எரிக்கும் அடுப்பு இருந்தது. நகரமே புகைமூட்டத்தில் கண் எரிந்து அவதிப்பட்ட பிறகு, 1957-ல் அத்தனையையும் நிறுத்தினார்கள். பக்கத்திலே பார்க்கணுமா? 2023 மார்ச் 2-ல் கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பத்து நாளுக்கும் மேலாக அணையாமல் புகைந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூட வேண்டியதாயிற்று. கொச்சி மாநகராட்சிக்குத் தீர்ப்பாயம் விதித்தது 100 கோடி ரூபாய்.

3. நெருப்பு என்ன சொல்கிறது?

சட்டத்தை விட்டுவிடுவோம். 'எரிந்தால் சாம்பல், வேலை முடிந்தது' என்கிறார்களே, அது சரியா?

முழுதாக எரிய மூன்று 'டி' வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம்: டெம்பரேச்சர், டைம், டர்புலன்ஸ். போதிய வெப்பம், அந்த வெப்பத்தில் போதிய நேரம், காற்றோடு நல்ல கலப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் எரிவதற்குப் பதில் புகையும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 10 கிலோ குவியல், அதில் பாதி ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சோற்று மிச்சமும் பச்சை இலையும் சேர்ந்தால் இது அதிகமில்லை. 5 கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 1,470 கிலோ ஜூல். அதை ஆவியாக்க, கிலோவுக்கு 2,257 வீதம், 11,285 கிலோ ஜூல். கூட்டினால் 12,755. உலர்ந்த காகிதம் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 15,500 கிலோ ஜூல் கிடைக்கும். அப்படியானால் 800 கிராமுக்கு மேல் நல்ல காகிதம் எரிவது வெறும் நீராவி எடுக்கத்தான்! அதுவும் வெப்பம் முழுசும் குப்பைக்கே போனால். குழித்தீயில் பெரும்பங்கு ஆகாயத்துக்குத்தான் போகும். ஈரம் போகிறவரை அந்தப் பொருள் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் குவியலின் ஒரு பக்கம் செக்கச்செவேல் என்று எரிய, மறுபக்கம் மணிக்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கிறது.

அந்தப் புகையில் என்ன இருக்கிறது? கார்பன் மோனாக்சைடு, கரித்துகள், நுரையீரலின் அடிவரை போகிற நுண்துகள். இவை போக டையாக்சின் என்றொரு நஞ்சு. குளோரின் உள்ள பொருள் அரைகுறையாக எரியும்போது, முக்கியமாக 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இது உருவாகிறது. பி.வி.சி. பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். ஒயர் உறை, பழைய பைப் துண்டு, ரெக்சின் பை, எல்லாம் இந்தச் சாதி. டையாக்சின் மண்ணில் படிந்து, புல்லில் ஏறி, மாட்டின் கொழுப்பில் தங்கி, பாலில் நம் வீட்டுக்கே திரும்பி வரும். இப்படிப்பட்ட நஞ்சுகளை ஒழிக்க 2001-ல் ஸ்டாக்ஹோமில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. இந்தியா 2006-ல் அதை ஏற்றது.

அமெரிக்காவில் 2000-ல் வெளியான ஓர் ஆய்வைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். இரும்புப் பீப்பாயில் குப்பை எரிக்கும் சில பத்து வீடுகள் சேர்ந்தாலே, நாளொன்றுக்கு சுமார் 180 டன் எரிக்கிற கட்டுப்பாடுள்ள நகராட்சி உலைக்குச் சமமாக டையாக்சின் விடக்கூடும் என்று அதில் கண்டார்கள். 'நம்மது சின்னக் குழிதானே' என்கிற பேச்சுக்கு இதுதான் பதில்.

இன்னொரு விஷயம். மூன்றாவது 'டி'யான டர்புலன்ஸை நம் ஊரில் யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஆயாம்மா கொடுக்கிறார்! நான் படித்த பள்ளியில் (பெயர் வேண்டாம்) வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மைதானத்தைக் கூட்டிக் குவிப்போம். ஆயாம்மா முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளறிக் கிளறி எரிப்பார். 'மாணவர் நலன் கருதி' என்று எழுதுகிற விண்ணப்பத்தில் அந்த அம்மாவின் நலனுக்கு ஒரு வரிகூட இருக்காது. பள்ளி விட்ட பிறகுதானே எரிக்கிறோம் என்றால், அவர் பள்ளி விட்ட பிறகும் அங்கேதானே நிற்கிறார்?

பள்ளி வளாகத்தில் தீ என்றாலே தமிழ்நாட்டுக்கு 2004 ஜூலை 16 நினைவுக்கு வர வேண்டும். கும்பகோணத்தில் 94 பிஞ்சுகளை எடுத்துக்கொண்டது சமையல் கொட்டகைத் தீ. காரணம் வேறுதான். ஆனால் காற்று திரும்பினால் தீப்பொறி யாருடைய அனுமதியையும் கேட்பதில்லை.

4. பிரித்தால் என்ன மிஞ்சும்?

இனி வேலைக்கு வருவோம். 'குப்பை' என்று ஒரு பொருள் உலகத்தில் கிடையாது. நல்ல நல்ல பொருள்களைக் கலந்துவிட்டால் அதற்குப் பேர் குப்பை. 2016 விதிகள் மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. அவற்றுக்குப் பதிலாக 2026-ல் வந்த புதிய விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி குப்பை, தனிக் கவனம் வேண்டிய குப்பை. நம் பள்ளிக்கூடத்துக் குவியலை இதே வரிசையில் பிரிப்போம்.

ஈரக் குப்பையும் சருகும்: வேப்ப இலை, புங்க இலை, மாஞ்சருகு, காய்கறித் தோல், முட்டை ஓடு, சோற்று மிச்சம். இது எரிபொருள் அல்ல, எரு. மட்குவதற்குக் கார்பனும் நைட்ரஜனும் 25 அல்லது 30-க்கு ஒன்று என்கிற விகிதத்தில் இருந்தால் நல்லது. சருகில் கார்பன் அதிகம், சமையல் மிச்சத்தில் நைட்ரஜன் அதிகம். ஒரு அடுக்கு இது, ஒரு அடுக்கு அது என்று போட்டு, மேலே கொஞ்சம் மண் தூவினால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக்கூடாது. இரண்டு குழி போதும். ஒன்று நிரம்பி மட்கும்போது மற்றதில் போடலாம். அதே குழி, அதே கடப்பாரை. தீப்பெட்டி மட்டும் வேண்டாம்!

காகிதம்: பழைய நோட்டு, அட்டை எல்லாம் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். பள்ளிகள் கொளுத்துவது பெரும்பாலும் விடைத்தாள்களைத்தான். பெயரும் மார்க்கும் வெளியே போகக்கூடாது என்று பயம். நியாயமான பயம்தான். ஒரு டிரம் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்துக் கூழாக்கிவிட்டால் எந்த மார்க்கையும் யாரும் படிக்க முடியாது.

பிளாஸ்டிக்: 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை. மிஞ்சுவது பால் கவர், பிஸ்கட் கவர், ரீபில் இத்யாதி. கழுவிக் காயவைத்து ஊராட்சித் தூய்மைக் காவலரிடம் கொடுத்தால் வழி இருக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் காட்டிய வழி உலகம் அறிந்தது. ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால் உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும். அதன்மேல் தார் கலந்து ரோடு போடலாம். கவனியுங்கள், பிளாஸ்டிக் இங்கே உருகுகிறது, எரியவில்லை. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பி.வி.சி. மட்டும் இந்த வேலைக்கு ஆகாது.

தனிக் கவனக் குப்பை: பியூஸ் போன டியூப்லைட், பேட்டரி, லேபில் காலாவதியான ரசாயனம். டியூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. தனிப் பெட்டியில் பூட்டி வைத்து ஒப்படைக்க வேண்டும். தீயின் பக்கமே கொண்டுபோகக்கூடாது.

இப்போது குவியலைப் பாருங்கள். எரிக்க என்ன மிஞ்சியது? ஒரே ஒரு வாளிதான் மிஞ்சும். அந்த வாளியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

5. பேசாத வாளி

நான் பெண். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். மிஞ்சுவது மாணவிகளின் நாப்கின். 2011–12-ல் வந்த 'புதுயுகம்' திட்டத்தில் அரசாங்கமே வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கத் தொடங்கியது. மிக நல்ல காரியம். ஆனால் பயன்படுத்தியதை எங்கே போடுவது? மூடிபோட்ட வாளி இல்லாத பள்ளியில் பிள்ளைகள் செய்வது மூன்றுதான். கக்கூஸில் போட்டு அடைப்பு வாங்குவது. பேப்பரில் சுற்றிப் புத்தகப் பையிலேயே வீட்டுக்கு எடுத்துப் போவது. இல்லையென்றால் அந்த மூன்று நாளும் பள்ளிக்கு வராமலே இருந்துவிடுவது. மற்ற குப்பைக்கு விண்ணப்பம் எழுதுகிற பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்காக யார் எழுதுவது?

சாதாரண நாப்கினில் பஞ்சுக் கூழ், பிளாஸ்டிக் தாள், ஈரத்தை உறிஞ்சும் ரசாயனத் தூள் மூன்றும் உண்டு. போதாததற்கு ஈரம் வேறு. மேலே போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: குழித்தீயில் மிக மோசமாக எரியக்கூடியது இதுதான். புதைத்தாலும் பிளாஸ்டிக் தாள் மட்காது.

எரித்தே ஆக வேண்டுமென்றால் எப்படி? ஆஸ்பத்திரிக் கழிவு உலைக்கு 2016 விதிகள் வைத்த அளவுகளைப் பாருங்கள். முதல் அறையில் குறைந்தது 800 டிகிரி. இரண்டாவது அறையில் 1,050 டிகிரி, கூடினாலும் குறைந்தாலும் 50-க்குள். அங்கே வாயு குறைந்தது 2 விநாடி தங்க வேண்டும். புகைபோக்கி 30 மீட்டர், அதாவது பத்து மாடி உயரம். பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி அல்ல, இந்த விதி அதற்குப் பொருந்தாது. ஆனால் ஈரமும் பிளாஸ்டிக்கும் கலந்ததைச் சுத்தமாக எரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு இது அளவுகோல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சானிட்டரி கழிவுக்கென்றே 2018-ல் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

ஆகவே முதல் வழி, கழிவறைக்குள் மூடிபோட்ட வாளி, சுற்றிப்போடப் பழைய பேப்பர், தினம் தனியாக எடுத்துப்போக ஓர் ஏற்பாடு. அது முடியாத இடத்தில்தான் மிஷின். வாங்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். அறை ஒன்றா, இரண்டா? உள்ளே வெப்பம் எத்தனை, அதைக் காட்ட மீட்டர் உண்டா? புகைபோக்கி கூரைக்கு மேலே போகிறதா, இல்லை கழிவறைக்குள்ளேயே புகைகிறதா? கரண்ட் போனாலோ சாம்பல் நிறைந்தாலோ பார்க்க ஆள் யார்? இதற்கெல்லாம் பதில் இல்லாத மிஷின், சுவரில் மாட்டிய குழித்தீதான்.

6. திருத்திய விண்ணப்பம்

தலைமையாசிரியரின் காகிதத்தைக் கிழிக்க வேண்டாம், திருத்துவோம். ஊராட்சிக்கு ஒன்று: "எங்கள் பள்ளியில் குப்பையை நான்காகப் பிரித்து வைக்கிறோம். ஈரக் குப்பையை நாங்களே மட்கவைக்கிறோம். உலர் குப்பையை வாரம் ஒரு நாளும், சானிட்டரி வாளியைத் தினமும் எடுத்துச்செல்ல ஏற்பாடு வேண்டுகிறோம்." ஓசூர் அலுவலகத்துக்கு ஒன்று: "மாணவிகள் கழிவறைக்கு மூடிய எரிப்புக் கருவி வைக்க நினைக்கிறோம். என்ன வெப்பம், எத்தனை அறை, எவ்வளவு உயரப் புகைபோக்கி இருக்க வேண்டும் என்று தெரிவிக்க வேண்டுகிறோம்." பஸ் செலவே இல்லை, ஒரு தபால்தலை போதும். இந்தக் கேள்விக்குப் பொறியாளரால் பதில் எழுத முடியும், ஏனென்றால் இதில் அளக்க இடம் இருக்கிறது.

தோழர்களே, கடைசி வருடப் பிராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறோமே! சிவில்காரர்கள் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இரண்டு மட்குக் குழி வரைந்து கட்டிக் கொடுங்கள். மெக்கானிக்கல்காரர்கள் ஒரு நாப்கின் மிஷினைத் திறந்து உண்மையில் எத்தனை டிகிரி வருகிறது என்று தெர்மோகப்பிள் வைத்து அளந்து பாருங்கள். எலக்ட்ரிக்கல்காரர்கள் அது எத்தனை யூனிட் குடிக்கிறது என்று சொல்லுங்கள். எந்தப் பிரிவானாலும் சரி, முதலில் ஒரு வாரம் ஸ்பிரிங் தராசு எடுத்துப் போய் நான்கு வாளியையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். அந்த ஒரு பக்க அட்டவணையைப் பார்த்தாலே தலைமையாசிரியர் தீப்பெட்டியைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நிறுக்கப் போகும்போது ஆயாம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்தக் குப்பை எவ்வளவு வரும் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.